கல்லுக்கு மேலே பொய் கிடையாது

அப்பு கருப்பா,

நானும் சுகம், உன் ஆத்தாளும் சுகம், ராவுத்தர் மாமாவின் மட்டக்குதிரைகளும் சுகம். உன் கடுதாசி வந்து சேர்ந்தது. சவரிமுத்து அண்ணன் படித்துக் காட்டினார். அவரை உனக்குத் தெரியும். குரங்கணிக்கு மேலே நம் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கப்பிள்ளை, ராயப்பன்பட்டிக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உலகத்தையே அதற்கு மேலாகப் பார்க்கிறவர். இந்தப் பதிலையும் அவர்தான் எழுதுகிறார். நான் "வந்துக்கிட்டிருந்தேன்" என்று சொன்னால் அவர் "வந்துகொண்டிருந்தேன்" என்று எழுதுகிறார். "ஏண்ணே, நான் சொல்றபடியே எழுதினா என்ன?" என்று கேட்டேன். "பேச்சு காதுக்குப்பா, எழுத்து கண்ணுக்கு. உம் மகன் மதுரையில அச்சாபீசுல எழுத்துக் கோக்குறவன். அவன் கண்ணுல மண்ணள்ளிப் போடச் சொல்றியா?" என்கிறார். அதனால் எழுத்து அவருடையது, பேச்சு என்னுடையது. நடுவில் எங்கேயாவது உனக்கு வேதக்கோயில் வாசம் அடித்தால் அது அவர் கைச்சரக்கு என்று வைத்துக்கொள்.

கடுதாசியின் கீழே செழியன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். இனிமேல் அதுதான் உன் பெயர் என்றும் எழுதியிருந்தாய். உன் ஆத்தா அதைச் சொல்லிப் பார்த்தாள். "என்னய்யா இது, பல்லு இடுக்குல மாட்டுன நாரு மாதிரி நாக்குக்குச் சிக்க மாட்டேங்குது" என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய், நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அரிசி களைந்தபடியே இன்னும் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். அதை நான் கேட்டேன். இந்தக் கடுதாசியில் மட்டும் உன்னைக் கருப்பன் என்றே கூப்பிட்டுக்கொள்கிறேன். பழகிய வாய்.

நீ இரண்டு காரியம் கேட்டிருக்கிறாய். ஒன்று, நீ அந்த மங்கை என்கிற பிள்ளையை ஐயர் இல்லாமல், ஓமம் இல்லாமல், மதுரையில் ஒரு மேடையில் மாலை மாற்றிக் கட்டிக்கொள்ளப் போகிறாய், நாங்கள் வரவேண்டும் என்றாய். அதற்கு யோசனையே கிடையாது. பெற்ற பிள்ளையின் கலியாணத்துக்கு வராமல் நாங்கள் இங்கே குரங்கு விரட்டிக்கொண்டா இருப்போம்? இரண்டாவது காரியம்தான் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நான் மேடை ஏறி, எல்லோருக்கும் முன்னால், "நானும் சாமி பூதம் என்கிற மூடப்பழக்கத்தை எல்லாம் விட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றாய். மாப்பிள்ளையின் தகப்பன், மலைக்காட்டில் குதிரை ஓட்டுகிறவன், அவனே சொல்கிறான் என்றால் சனம் காது கொடுத்துக் கேட்கும் என்று உன் கூட்டாளிகள் சொன்னார்களாம். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் உனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதும் எனக்குத் தெரிகிறது. சொல்ல முடியுமா முடியாதா என்று யோசித்து யோசித்து, குதிரைக்குக் கொள்ளு வைக்க மறந்துபோகிற அளவுக்குப் போய்விட்டேன்.

போடியில் தபாலாபீஸ் வாசலில் எழுதித் தருகிறவர் இருக்கிறார். இரண்டு எட்டில் போய்விடலாம். ஆனாலும் நான் இதற்காகவே இன்றைக்கு மலை ஏறி வந்து, ஸ்டோரில் காய் காய வைக்கிற நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று உனக்கே புரியும். நம் கல்லைத் தாண்டி வந்துவிட்டேன்.

உன் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை இதைப் படித்தால் அவளுக்கும் விளங்கவேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். குரங்கணியை விட்டு ஏறும் பாதையில், முதல் பெரிய வளைவில், நாவல் மரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. அதற்குக் கண் மூக்கு கிடையாது. மஞ்சள் பூசுவதும் கிடையாது. மேலே போகிறவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான், ஒரு தழையைப் பறித்துக் கல்மேல் வைப்பான், உள்ளங்கையைக் கல்லில் பதிப்பான். அவ்வளவுதான் பூசை. ஆனால் கையை எடுத்த நிமிஷத்திலிருந்து, திரும்பி இறங்கி வந்து மறுபடி அந்தக் கல்லைத் தாண்டும் வரைக்கும், பொய் சொல்லக்கூடாது. சொன்னால் மலைக்காரி, இந்த மலையைக் காக்கிற சாமி, மஞ்சை இறக்கி மலையை மூடிவிடுவாள். முன்னால் போகிற குதிரையின் வால் தெரியாது. பாதை கைவிட்டுப் போகும். யார் வைத்த கல், யார் வைத்த சட்டம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. என் தகப்பன் கை வைத்தான், நான் வைத்தேன்.

அந்தக் கல் மனுஷனை என்ன பாடு படுத்துகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் முதலாளி ஒருத்தர், பெயர் வேண்டாம், கடையில் உட்கார்ந்தால் அவர் வாயில் வருவதில் பாதி சத்தியம் என்று எடுத்துக்கொண்டால் நீ நட்டப்பட்டுப் போவாய். அவர் காய் வாங்குவதற்காகக் காடு பார்க்க மேலே வருவார். கல்லைத் தாண்டினதும் அந்த மனுஷனுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். "மொதலாளி, நம்ம காயி இந்த வருசம் எப்படி?" என்று தோட்டக்காரன் கேட்பான். நல்ல காய் என்று சொன்னால் விலை ஏறும். சொத்தைக் காய் என்று சொன்னால் பொய். அவர் லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பார். "மொதலாளிக்கு இருமல் வந்திருச்சு, காயி நல்ல காயிதான்டா" என்று தோட்டக்காரன் சிரிப்பான். ஒரு கல். பேசாத கல். அது ஒரு வியாபாரியின் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது பார்.

உன் ஆத்தா கெட்டிக்காரி. வருஷத்துக்கு ஒரு தரம், பொங்கல் வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு என்னோடு மேலே வருவாள். பொங்கல் பொங்கும். இரண்டு பேரும் இலையில் வைத்துச் சாப்பிடுவோம். அப்புறம் கையைக் கழுவிவிட்டு மெதுவாக ஆரம்பிப்பாள்: "நான் வைக்கிற கருவாட்டுக் கொழம்பு நல்லாருக்கா, உங்க ஆத்தா வச்சது நல்லாருக்கா? இப்பச் சொல்லுய்யா." நான் குதிரைக்குச் சேணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போவேன். "சேணம் எங்கயும் போவாது. பதிலச் சொல்லு." நான் வாயைத் திறக்க மாட்டேன். பேசாமல் இருப்பது பொய்யில் சேர்த்தி இல்லை. "சரிதான், வெளங்கிருச்சு" என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவாள். போடி போய்ச் சேரும் வரைக்கும் பேச்சு கிடையாது. அடுத்த வருஷமும் அதையேதான் கேட்பாள். கேட்காமல் இருக்கலாம், அவளால் முடியாது. ஒரு தரமாவது நீ வைக்கிறதுதான் என்று நான் சொல்லிவிடலாம், என்னால் முடியாது. கல்லுக்குக் கீழே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அதை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். ராவுத்தர் மாமாவின் நோன்பைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றுதான் தொடங்கினேன். நீ மதுரையில் இருந்தபோது நடந்தது. உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காசிம் ராவுத்தரோடு நான் எத்தனை வருஷம் மலை ஏறியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். குதிரை அவருடையது, ஓட்டுகிறவன் நான். அவர் மூட்டை ஏற்றும் முன்னால் குதிரையின் கழுத்தில் கை வைத்து "பிஸ்மில்லா" என்பார். அந்தக் குதிரைகள் குட்டியிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவை. அந்த வார்த்தை காதில் விழாவிட்டால் ஒரு எட்டு எடுத்து வைக்காது. தாற்றுக்கோலால் குத்தினாலும் நிற்கும். அதனால் அவர் வராத நாளில் நான்தான் "பிஸ்மில்லா" சொல்லி ஓட்டுகிறேன். கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டுகிறவன் வாயில் பிஸ்மில்லா! அவரும் கல்லுக்குப் பக்கத்தில் வந்தால் செருப்பைக் கழற்றிக்கொள்வார். கை வைக்க மாட்டார், தழை வைக்க மாட்டார். "கல்லைக் கும்பிடுறது எனக்கு ஆகாது மாப்ளே. ஆனா நீ கும்பிடுற எடத்துல நான் செருப்போட நிக்கிறது அதைவிட ஆகாது" என்பார்.

சவரிமுத்து அண்ணனையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் ஓடையில் தண்ணீர் குடிக்கிறதைப் பார்த்தால் போதும். ராவுத்தர் நின்றுகொண்டு குடிக்க மாட்டார். எவ்வளவு தாகமானாலும் ஒரு கல்லில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, மூன்று மடக்காகக் குடிப்பார். சவரிமுத்து அண்ணன் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் விரலை வைத்துவிட்டுக் குடிப்பார். நான் முதல் கையைத் தரையில் தெளித்துவிட்டு, அண்ணாந்து ஊற்றிக்கொள்வேன். ஒரே ஓடை, ஒரே தண்ணீர். யாரும் எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வந்து கையை இப்படி மடக்கு, முட்டியை அப்படி மடக்கு என்று பழக்கி வைத்திருக்கிறது.

அந்த வருஷம் நோன்பு மாசம் சாரலோடு சேர்ந்து வந்தது. விடியும் முன்னாலிருந்து பொழுது விழுகிற வரைக்கும் அவர்கள் பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது. ஸ்டோருக்கு அரிசி லோடு ஏற்றிக்கொண்டு போனோம். "நோன்பு முடியட்டும் மாமா, நீங்க வீட்டுல இருங்க, நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றேன். "குதிரை நோன்பு வைக்கலையே மாப்ளே, அதுக்குச் சோலி உண்டுல்ல" என்று சிரித்துக்கொண்டே வந்தார். சவரிமுத்து அண்ணனும் லீவு முடிந்து எங்களோடு ஏறினார். ஸ்டோருக்குப் பாதி வழி இருக்கும்போது முன்னால் மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. மழை என்றால் வானத்துக்கும் தரைக்கும் சுவர் எழுப்பின மாதிரி. ஒரு காவல் குடிசைக்குள் ஒதுங்கினோம். அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ராவுத்தருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. மலைக் குளிர்க்காய்ச்சல். பல் கிட்டிக்கொள்கிறது, உதடு வெடித்துப்போய் வெள்ளையாக இருக்கிறது, கண் செருகுகிறது. சாக்கைப் போர்த்தினோம், நெருப்பு மூட்டினோம். சவரிமுத்து அண்ணன் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் காப்பி கொதிக்க வைத்தார்.

"பாய், ஒரு வாய் குடிங்க. உசுரு இருந்தாத்தானே நோன்பு."

"பொழுது விழுந்திருச்சா?" என்று கேட்டார் ராவுத்தர்.

"விழுந்திருச்சு விழுந்திருச்சு" என்று சவரிமுத்து அண்ணன் அவசரமாகச் சொன்னார்.

ராவுத்தர் கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினார். "உன்னக் கேக்கல சவரி. எனக்குத் தண்ணி குடுக்கணும்னா நீ நடுப்பகல்லயே சூரியனை இறக்கிருவே. மாப்ளே சொல்லட்டும். அவன் கல்லத் தாண்டி வந்திருக்கான். பொய் சொல்ல மாட்டான்."

கருப்பா, நான் குடிசை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். நம் மலைச் சரிவு கிழக்கே பார்த்தது. பொழுது சாய ஆரம்பித்ததுமே சூரியன் முகட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும். நிஜமாக விழுவதற்கு அப்புறமும் நேரம் இருக்கும். அதுவும் அன்றைக்கு மஞ்சு. காலையா மாலையா என்றே தெரியாத சாம்பல் வெளிச்சம். ராவுத்தரின் பையில் இருந்த கடிகாரம் தண்ணீர் குடித்து நின்றுபோயிருந்தது. சவரிமுத்து அண்ணன் ராவுத்தரின் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆமாம்னு சொல்லுடா" என்று உதடு மட்டும் அசைந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மனுஷன் பிழைத்துக்கொள்வான். எனக்கு வாய் வரவில்லை. மலைக்காரிக்குப் பயந்தா? அதுவும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, தன் சாமிக்குக் கொடுத்த வாக்கை அந்த மனுஷன் என் சாமியை நம்பி என் கையில் வைத்திருக்கிறார். அதைத் தூக்கி ஓடையில் போடுவதற்கு நான் யார்?

"தெரியல மாமா. போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"எங்கடா போயிப் பாப்பே, கிறுக்குப் பயலே!" என்று சவரிமுத்து அண்ணன் கத்தினார்.

"முகட்டுக்கு."

ஓடினேன். பாதை இல்லாத காடு. மூங்கில் புதருக்குள் பூந்து, வழுக்குப் பாறையில் நாலு காலில் ஏறி, காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் வழிய ஏறினேன். மஞ்சுக்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை. முகட்டில் ஏறி நின்றபோது அந்தப் பக்கம் காற்று பிடித்துத் தள்ளியது. மலையாளத்துச் சீமை முழுவதும் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி மேகம். ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அடிவானத்தில் மட்டும் மேகம் ஒரு கீறலாக விலகியது. அந்தக் கீறலில் சூரியன், சூளையிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி. விழவில்லை. இன்னும் ஒரு சாண் இருந்தது.

என் ஆயுசில் நான் சூரியனை உட்கார்ந்து பார்த்தது கிடையாது. அதற்கு நேரம் ஏது? அன்றைக்குப் பார்த்தேன். "சாமி, வெரசா எறங்கு. ஒரு மனுசன் கீழ கெடக்கான்" என்று வாய்விட்டு மன்றாடினேன். பொழுது ஏறவேண்டும், பொழுது விடியவேண்டும் என்று கும்பிடுகிறவர்கள் உண்டு. பொழுது விழவேண்டும் என்று கும்பிட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. நான் மட்டும் இல்லையே! இந்த நேரம் போடிப் பள்ளிவாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் நோன்புக் கஞ்சி ஆவி பறக்கும். நாள் பூராவும் மூட்டை தூக்கினவன் இருப்பான், வயசாளி இருப்பார். ஒருத்தர் கையும் சட்டியைத் தொடாது. கம்பத்தில் அப்படி, உத்தமபாளையத்தில் அப்படி, முகட்டுக்கு அந்தப் பக்கம் அந்த மேகத்துக்கு அடியில் எனக்குப் பாஷை தெரியாத ஊர்களில் அப்படி. காவலுக்கு ஆள் கிடையாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பார்க்கிறவன் கிடையாது. ஆனாலும் அத்தனை கையும் கஞ்சிக்கு மேலே அப்படியே நிற்கிறது. அத்தனை கண்ணும் நான் பார்க்கிற இதே செங்கல்லை நினைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டதப்பா. மழையில் நனைந்த குளிர் இல்லை அது. நான் அவர்கள் மார்க்கத்துக்காரன் இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு நானும் அந்த வரிசையில் கடைசியில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

சூரியன் தொட்டது, பாதியாச்சு, நூலாச்சு, போயே போச்சு. திரும்பி விழுந்தடித்து ஓடிவந்தேன். உருண்டேன் என்பதுதான் சரி. குடிசை தெரிகிற இடத்திலிருந்தே, "மாமோய்! விழுந்திருச்சு! என் கண்ணால பாத்தேன்!" என்று கூவினேன்.

உள்ளே போனால், ராவுத்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சவரிமுத்து அண்ணன் மண் தரையில் முழங்காலில் நிற்கிறார், கையில் செபமாலை. நெருப்பு ஓரத்தில் காப்பி அப்படியே இருக்கிறது. அவருக்கும் எனக்கும் கட்டிக்கொண்டு வந்த சோறு அவிழ்க்காமல் கிடக்கிறது. ராவுத்தர் உதட்டை அசைத்து ஏதோ ஓதிவிட்டு, இரண்டு கையாலும் குவளையை வாங்கி, அந்த நிலைமையிலும் நிறுத்தி நிறுத்தி மூன்று மடக்காகக் குடித்தார். குடித்துவிட்டு என் காலைப் பார்த்தார். அட்டை கடித்து முழங்கால் வரைக்கும் ரத்தம்.

"ஏன் மாப்ளே, சீக்காளியும் வழிப்போக்கனும் நோன்ப விட்டுட்டு, பொறவு வச்சுக்கிறலாம்னு எங்க மார்க்கத்துலயே சொல்லிருக்கு. தெரியுமா ஒனக்கு?" என்றார்.

பிய்த்துக்கொண்டிருந்த அட்டையை அப்படியே விட்டுவிட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்? ஒங்களுக்குத் தெரியும்ல? அப்பறம் ஏன் மாமா குடிக்கல?"

"மொதல்ல காய்ச்சலு, புத்தி பெரண்டு கெடந்துச்சு. பொழுது விழுந்தாத்தான் குடிக்கணும்ங்கிற ஒண்ணுதான் நெனப்புல நின்னுச்சு. நீ போனப்பறம் கொஞ்சம் தெளிஞ்சுச்சு. குடிச்சிருக்கலாம்தான். ஆனா ஒருத்தன் எனக்காகச் சூரியனைப் பாக்க மலையேறிப் போயிருக்கான். அவன் வந்து சொல்லாம எப்படிடா எறங்கும்?"

"பொழுது விழுந்திருச்சுன்னு நான் சொன்னேனே, அது எறங்கலையாக்கும்!" என்று சவரிமுத்து அண்ணன் பொய்க்கோபமாகக் கேட்டார். "ரெண்டு கிறுக்கனுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நான் பட்ட பாடு. எங்க ஆண்டவர் தாகமா இருக்கிறவனுக்குத் தண்ணி குடுன்னுதான் சொல்லிருக்காரு. நான் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறேன், வாங்க ஆளில்ல."

"நீங்க சாப்பிட்டிருக்கலாமேண்ணே, சோத்து மூட்டை கெடக்குதே" என்றேன்.

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவரு குடிக்காமக் கெடக்கையில நான் திங்கவா? பேசாமப் போடா" என்றார். இப்போது இதை எழுதும்போதுகூட மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார். நெருப்புப் புகை என்கிறார். அவர் கல்லில் கை வைக்காதவர், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், சாமியை நம்புகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று காட்டுவதற்கு இல்லை. கல்லில் கை வைத்துவிட்டு, ஏலக்காடு திருத்துகிற ஆளைச் சாதி பார்த்துத் தன் கிணற்றுப் பக்கம் வரவிடாதவனும் நம் ஊரில் உண்டு. அதே நம்பிக்கைதான் அவன் கையையும் அப்படி மடக்கி வைத்திருக்கிறது. நீ அதைக் கேட்டுத்தான் கொதித்தாய், சாமி இல்லை என்கிறவர்களின் கறுப்புச் சட்டையைப் போட்டாய். அதுவும் எனக்குத் தெரியும். பொய்யை அண்டவிடாத கல் அந்தக் கிணற்றை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று நீ கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது.

போன தைப் பொங்கலுக்குக் கறுப்புச் சட்டையோடு வந்தாய். என்னோடு மலை ஏறினாய். கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நான் செருப்பைக் கழற்றினேன், நீ கழற்றவில்லை. "கை வைக்கலையாப்பு?" என்று கேட்டேன். "இல்லப்பா. நம்பாம கை வச்சா அது நடிப்பு" என்றாய். செருப்புச் சத்தம் டப் டப் என்று கல்லைத் தாண்டிப் போனது. மஞ்சு இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மஞ்சு கிடையாது. வைகைக் கரை வரைக்கும் தெரிந்தது. அது ஏன் என்று நான் அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் கடுதாசியில் எனக்கு விடை வந்தது.

பெண் வீட்டார் உன்னிடம் சொன்னார்களாமே. "அரை மணி நேரம் ஐயர் ஒக்காந்துட்டுப் போகட்டும் மாப்ளே, சொந்தக்காரங்க வாயை அடைக்கணும்ல. நீங்க மனசுக்குள்ள நம்ப வேணாம்" என்று. எல்லாரும் செய்கிறதுதான். நானாக இருந்தால் செய்திருப்பேன். நீ முடியாது என்றிருக்கிறாய். "நம்பாததைச் செய்தால் அது பொய். பொய்யோடு நான் குடும்பம் தொடங்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். சவரிமுத்து அண்ணன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். "அண்ணே, அதை இன்னொரு தரம் படிங்க" என்றேன். படித்தார். எனக்கு முகட்டில் சிலிர்த்த மாதிரியே சிலிர்த்தது. மதுரையில் கல் கிடையாது. மஞ்சு இறங்காது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சோறு தின்றுவிட்டுத் தூங்கலாம். சாமி பார்க்கிறது என்று நீ நினைக்கவும் இல்லை. ஆனாலும் உன் கை கஞ்சிக்கு மேலே நிற்கிறது. நான் மலைமேல் மட்டும் செய்கிறதை நீ தெருவில் செய்கிறாய். சாமி இல்லை என்பதும் ஒரு மனுஷனை இப்படி நிமிர்த்தி வைக்குமா? எனக்குத் தெரியாது. வைத்திருக்கிறது, பார்க்கிறேன்.

அதனால், அப்பு, அந்த வார்த்தையை நான் மேடையில் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மதுரை கல்லுக்குக் கீழேதான் இருக்கிறது, அங்கே சொன்னால் மலைக்காரி ஒன்றும் செய்ய மாட்டாள். ஆனால் பொய்யே ஆகாது என்று ஐயரை வேண்டாம் என்றவன் கலியாணத்தில், மாப்பிள்ளையின் தகப்பனே முதல் பொய்யைச் சொல்லவா? நான் சொல்லப்போவதை இப்போதே, கல்லுக்கு மேலே உட்கார்ந்து, நெருப்புக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: "நான் கல்லை நம்புகிறவன். என் மகன் நம்பாதவன். அவன் பொய் சொல்ல மாட்டான். நான் அதைக் கல்லிடம் கற்றேன், அவன் எங்கே கற்றான் என்று அவனையே கேளுங்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கட்டும்." இதைச் சொல்ல விடுவதானால் மேடை ஏறுகிறேன். உன் கூட்டாளிகளுக்கு இது ஒத்துவராது என்றால், கீழே உன் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கோபம் கிடையாது. ராவுத்தர் மாமாவும் சவரிமுத்து அண்ணனும் முதல் பஸ்சுக்கே வருகிறார்கள். ஒரு காரியம் மட்டும் கேட்காதே. மண்டபத்து வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன். நீ நம்புகிற இடத்தில் நான் செருப்போடு நிற்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. உன் ஆத்தா நேற்று ஒரு மஞ்சள் கயிற்றைத் திரித்து, குலசாமி காலடியில் வைத்து எடுத்து, தன் சேலை மடிப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். கூட்டம் கலைந்த பிறகு மருமகள் கையில் ரகசியமாகக் கொடுக்கப் போகிறாளாம். "அவங்கிட்டச் சொல்லிறாதய்யா" என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் சேணத்தைப் பார்க்கப் போய்விட்டேன். சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் இவ்வளவு தூரம் மலை ஏறி வந்து, மனசில் இருப்பதை எல்லாம் சொல்லிவிட்டேன் என்று கடுதாசியை மடித்தால் அது பொய்யாகிவிடுமே. அந்தக் கயிற்றை என்ன செய்வது என்று உன் பெண்டாட்டி முடிவு செய்யட்டும், அவள் கழுத்து. உன் ஆத்தா உன்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "ஒங்கப்பன் ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிவிடு. நீ இருப்பது மதுரை, அங்கே சொன்னால் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நீ சொல்ல மாட்டாய். நான் அவளிடம் திட்டு வாங்கத் தயாராகத்தான் வருகிறேன்.

உன் அப்பன்